டியோடண்ட்: ஆளைக் கொன்ற பொருளும் அதன் சட்டமும்



டியோடண்ட் என்பது ஆங்கிலச் சட்டத்தில் ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகள் உயிரோடு இருந்து, 1846-இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றால் ஒழிக்கப்பட்ட சொல். ஒருவரின் சாவுக்குக் காரணமான அசையும் பொருளுக்கு அது பெயர். ஆளை உதைத்துக் கொன்ற குதிரை, ஏறி நசுக்கிய பார வண்டி, ஆற்றில் கவிழ்ந்த படகு, தலைமேல் சரிந்த மரக்கட்டை, கொதிக்கும் கொப்பரை என்று எதுவும் டியோடண்ட் ஆகலாம். அந்தப் பொருளோ அதன் விலையோ அரசருக்குச் சேர வேண்டும். பொருளுக்கு உடையவர் தவறு செய்தாரா, கவனமின்றி இருந்தாரா என்று யாரும் கேட்பதில்லை. பொருள் கொன்றதா என்பது ஒன்றே கேள்வி.

நாளடைவில் சொல்லின் பொருள் விரிந்தது. தொடக்கத்தில் கொன்ற பொருளையே குறித்தது, பிறகு அந்தப் பொருளுக்கு ஜூரிகள் போட்ட மதிப்பையும் குறித்தது. 19-ஆம் நூற்றாண்டுச் செய்தித்தாள்களில் அது கிட்டத்தட்ட அபராதத் தொகை என்ற பொருளிலேயே புழங்கியது. குதிரை டியோடண்ட் ஆயிற்று என்று 13-ஆம் நூற்றாண்டு ஆவணம் சொன்னால் அது குதிரை. இயந்திரத்தின் மீது 1000 பவுண்டு டியோடண்ட் என்று 1841-ஆம் ஆண்டுச் செய்தி சொன்னால் அது பணம். இரண்டையும் ஒரே தமிழ்ச் சொல்லால் பெயர்த்தால் இரண்டில் ஒன்று கட்டாயம் தவறிப்போகும்.

சொல்லின் பிறப்பில் சிக்கல் இல்லை. லத்தீனில் டியோ டாண்டும் என்ற தொடர், கடவுளுக்குக் கொடுக்கப்பட வேண்டியது என்று பொருள்படும். சட்ட வல்லுநர்களின் லத்தீனில் இரண்டு சொற்களும் ஒட்டி ஒரு சொல்லாயின. இங்கிலாந்து நீதிமன்றங்களில் வழங்கிய நார்மன் பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. இதன் பின்பாதி ஒரு தனி இலக்கண வடிவம். செயல் நடந்துவிட்டது என்று அது சொல்வதில்லை, நடந்தாக வேண்டும் என்று சொல்கிறது. தமிழர் அன்றாடம் கேட்கும் மெமோரண்டம் (நினைவில் வைக்க வேண்டியது), அஜெண்டா (செய்ய வேண்டியவை), ரெஃபரண்டம் (மக்கள் முன் வைக்க வேண்டியது) ஆகியவையும் அதே வார்ப்பில் வந்தவை. கட்டாயம் அந்த விகுதியிலேயே இருக்கிறது. ஒலி ஒற்றுமையை நம்பி டண்ட் என்ற பகுதியைத் தண்டம் என்ற சொல்லோடு இணைப்பது பிழை. தண்டம் கோலைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது, லத்தீன் டாண்டும் கொடுத்தல் என்ற வினையடியிலிருந்து பிறந்தது.

உண்மையான உறவு வேறொரு சொல்லோடு இருக்கிறது. லத்தீனில் கடவுளைக் குறிக்கும் டேயுஸ், வடமொழியின் தேவ இரண்டும் ஒரே மூதாதைச் சொல்லின் பிள்ளைகள். லத்தீனில் கொடு என்று பொருள்படும் டாரே என்ற வினைக்கும் வடமொழியின் தானம் என்ற சொல்லுக்கும் வேர் ஒன்றே. ஆகவே சோழர் கல்வெட்டுகளில் கோயிலுக்கு விடப்பட்ட நிலத்தைக் குறிக்கும் தேவதானம் என்ற சொல்லும், இங்கிலாந்தில் ஆளைக் கொன்ற வண்டியைக் குறித்த டியோடண்ட் என்ற சொல்லும், இரண்டு பாதிகளிலும் வேரால் உறவு உடையவை. மொழியியலில் இவ்வளவு முழுமையான பொருத்தம் அரிது. ஆனால் அந்த உறவு வேரோடு நின்றுவிடுகிறது. தேவதானம் மனமுவந்து விடப்பட்ட கொடை, கல்லில் பெயர் வெட்டிக் கொண்டாடத் தக்கது. டியோடண்ட் உடையவரின் கையிலிருந்து பிடுங்கப்பட்டது. வேர் ஒத்திருக்கிறதே என்று ஒன்றுக்கு மற்றதை மொழிபெயர்ப்பாகப் போட்டால் வாசகர் முற்றிலும் வேறு திசைக்குப் போய்விடுவார்.

லத்தீன் பெயர் வருவதற்கு முன்பும் வழக்கம் இருந்தது. ஆங்கிலோ சாக்சன் காலத்தில் கொன்றவனைக் குறிக்கும் பானா என்ற சொல், கொன்ற பொருளுக்கும் வழங்கியது. இன்றைய ஆங்கிலத்தில் கேடு, நாசம் என்ற பொருளில் வரும் பேன் அதன் எச்சம். ஹென்பேன், வுல்ஃப்ஸ்பேன் என்ற நச்சுச் செடிப் பெயர்களில், கோழியைக் கொல்வது, ஓநாயைக் கொல்வது என்ற பழைய பொருள் மாறாமல் இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஆல்ஃபிரட் மன்னரின் சட்டத் தொகுப்பில் ஒரு விதி உண்டு. பலர் சேர்ந்து மரம் வெட்டும்போது, ஒருவர் கை தவறி மற்றொருவர் மீது மரம் விழுந்து அவர் இறந்தால், அந்த மரம் இறந்தவரின் உறவினருக்குச் சேரும். 30 இரவுகளுக்குள் அவர்கள் அதை அங்கிருந்து எடுத்துச் செல்ல வேண்டும், தவறினால் காட்டுக்கு உடையவர் வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சிறு விதியில் டியோடண்டின் முழு வரலாற்றுக்கும் திறவுகோல் இருக்கிறது. ஆல்ஃபிரட் காலத்தில் கொன்ற பொருள் போய்ச் சேர்ந்த இடம் இறந்தவரின் குடும்பம். பழிக்குப் பழி என்ற குருதிப் பகை வழக்கத்தின் ஒரு பகுதி அது. கொன்றது மனிதனானால் குடும்பம் அவனைத் தேடும், அல்லது உயிர்விலை பெற்று அமையும். கொன்றது மரமானால் மரத்தைப் பெறும். நார்மன் ஆட்சி வந்து அரச அதிகாரம் வளர வளர, பழிவாங்கும் உரிமை குடும்பத்திடமிருந்து அரசருக்கு மாறியது. கொன்ற பொருளும் கூடவே அரசரிடம் போயிற்று. கடவுளுக்குரியது என்ற பெயர் அந்த மாற்றத்துக்குப் பிறகு வந்தது. அரசர் அதை விற்றுத் தருமக் காரியங்களுக்குச் செலவிடுவார் என்பது ஏற்பாடு. அரசரின் தருமக் கணக்கைப் பார்த்த அல்மனர் என்ற அதிகாரிக்கு அந்தப் பணம் போயிற்று. நடைமுறையில், டியோடண்ட் வசூலிக்கும் உரிமையை அரசர்கள் நிலப்பிரபுக்களுக்கும் நகரங்களுக்கும் மடாலயங்களுக்கும் வழங்கிவிட்டார்கள். கடவுளின் பெயரால் பிடுங்கிய குதிரையின் விலை, உள்ளூர்ப் பிரபுவின் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்த இடங்கள் பல. இறந்தவரின் மனைவி மக்களுக்குப் போன வழி மட்டும் அடைபட்டுப் போயிற்று. இந்த வரலாற்றில் மிகவும் வருந்தத்தக்க திருப்பம் இதுதான், நூல்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

கொன்ற பொருளின் மீது வழக்குத் தொடுப்பது இங்கிலாந்தின் கண்டுபிடிப்பு அல்ல. பழைய ஏற்பாட்டின் யாத்திராகமம் 21-ஆம் அதிகாரம், ஆளை முட்டிக் கொன்ற மாட்டைக் கல்லெறிந்து கொல்லவும் அதன் இறைச்சியை உண்ணாமல் விடவும் விதிக்கிறது. ஏதென்ஸில் பிரிட்டனேயம் என்ற இடத்தில் உயிரற்ற பொருள்களை விசாரிக்கும் மன்றம் இருந்தது. பிளாட்டோ தம் சட்டங்கள் என்ற நூலில், ஆளைக் கொன்ற பொருளை நாட்டின் எல்லைக்கு வெளியே எறிய விதி வகுத்தார். தாசோஸ் தீவில் தேயகெனஸ் என்ற மல்லரின் சிலைக்கு நேர்ந்ததைக் கிரேக்கப் பயண எழுத்தாளர் பவுசானியாஸ் எழுதி வைத்திருக்கிறார். மல்லர் இறந்த பிறகு பகைவன் ஒருவன் இரவுதோறும் வந்து சிலையைச் சாட்டையால் அடித்தான். ஒரு நாள் சிலை அவன்மேல் விழுந்து கொன்றது. அவனுடைய மகன்கள் சிலையின் மீது கொலை வழக்குத் தொடுத்தார்கள், ஊரார் சிலையைக் கடலில் போட்டார்கள். பிறகு நிலம் விளையாமல் போகவே டெல்ஃபியில் குறிகேட்டு, சிலையை மீட்டு வந்தார்கள் என்பது கதை. ரோமச் சட்டத்தில், தீங்கு செய்த விலங்கையோ அடிமையையோ பாதிக்கப்பட்டவரிடம் ஒப்படைத்து விடுபடும் வழி உடையவருக்கு இருந்தது.

இவற்றோடு டியோடண்டைச் சேர்த்துப் பேசுவது வழக்கம். வேறுபாட்டையும் சேர்த்துப் பேச வேண்டும். ஏதென்ஸில் பொருளால் ஊருக்குத் தீட்டு என்ற எண்ணம் முதன்மையாக இருந்தது, அதனால் பொருளை வெளியே எறிந்தார்கள். பிரான்ஸில் 1386-இல் ஃபலேஸ் நகரில் குழந்தையைக் கொன்ற பன்றி ஒன்றுக்கு முறைப்படி மரண தண்டனை நிறைவேற்றினார்கள். இங்கிலாந்தில் குதிரையைக் கொல்லவும் இல்லை, வண்டியை எரிக்கவும் இல்லை. விலை மதித்தார்கள். பொருள் பெரும்பாலும் ஊரிலேயே இருக்கும், அதன் விலைக்கு ஊர் பொறுப்பேற்கும். இங்கே தீட்டு என்ற எண்ணத்தின் மீது கணக்குப் புத்தகம் ஏறி உட்கார்ந்துவிட்டது.

அந்தக் கணக்கை வைத்தவர் கொரோனர். திடீர்ச் சாவுகளை விசாரிக்கும் இந்தப் பதவி 1194-இல் ஏற்படுத்தப்பட்டது. பெயரே முடிக்குரியவர் என்று பொருள்படும், முடிக்கு வரவேண்டிய வருமானத்தைக் காப்பது அவருடைய முதல் வேலை. ஊரில் ஒருவர் இயல்பல்லாத முறையில் இறந்தால் கொரோனருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அவர் வந்து உடலைப் பார்த்து, அக்கம்பக்கத்து ஊராரிலிருந்து ஜூரிகளைக் கூட்டி, எப்படிச் சாவு நேர்ந்தது, எந்தப் பொருளால் நேர்ந்தது, அதன் விலை என்ன என்று மூன்றையும் எழுதிக்கொள்வார். ஆண்டுகள் கழித்து அரசரின் சுற்று நீதிபதிகள் வரும்போது, ஊர் அந்தத் தொகையைக் கட்ட வேண்டும். இன்று சாவு விசாரணை என்று அறியப்படும் நடைமுறைக்கு மூலம் இதுதான். பிரிட்டிஷ் ஆட்சியில் அது இந்திய மாகாணத் தலைநகரங்களுக்கும் வந்தது, மும்பையில் கொரோனர் பதவி 20-ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலம் வரை நீடித்தது. இடைக்கால இங்கிலாந்தின் ஏழைகள் எப்படி வாழ்ந்தார்கள், எதனால் செத்தார்கள் என்று இன்றைய வரலாற்றாய்வாளர்கள் விரிவாக எழுத முடிவதற்கு இந்தக் கொரோனர் சுருள்களே பெரிய சான்று. வேறெந்த ஆவணத்திலும் பெயர் வராத குடியானவர்களும் குழந்தைகளும், அவர்களைக் கொன்ற பொருளுக்கு விலை இருந்ததால் எழுத்தில் ஏறினார்கள்.

எது டியோடண்ட், எது அல்ல என்று பிரிப்பதில் சட்டவியலாளர்கள் மிகுந்த நுட்பம் காட்டினார்கள். 13-ஆம் நூற்றாண்டின் பிராக்டன் பெயரால் வழங்கும் நூல் முதல் 17-ஆம் நூற்றாண்டின் எட்வர்ட் கோக், மேத்யூ ஹேல் வரை பலர் இதைத் தொட்டிருக்கிறார்கள். அடிப்படை அளவுகோல் அசைவு. ஓடும் வண்டியின் சக்கரத்தில் சிக்கி ஒருவர் இறந்தால், வண்டி, பாரம், பூட்டிய குதிரைகள் என அசைந்தவை எல்லாம் டியோடண்ட். நின்ற வண்டியின் சக்கரத்தில் ஏறும்போது விழுந்து இறந்தால் சக்கரம் மட்டும். நிலத்தோடு கட்டப்பட்ட பொருள், பிரித்தெடுக்கப்பட்டால் ஒழிய, டியோடண்ட் ஆகாது. நன்னீரில் ஓடும் படகு ஆகும், கடலில் ஓடும் கப்பல் ஆகாது. கடலில் விழுந்து சாவோர் ஏராளம் என்பதால், அங்கே இந்த விதியைப் பிடித்திருந்தால் வாணிபமே நின்றிருக்கும். அடிபட்டவர் ஓர் ஆண்டும் ஒரு நாளும் கடந்து இறந்தால், பொருள் தப்பித்தது. கொலைக் குற்றத்துக்கும் இதே கால எல்லை இருந்தது என்பது, பொருளையும் கொலையாளியையும் சட்டம் எவ்வளவு அருகருகே வைத்தது என்பதைக் காட்டுகிறது.

கொலைக் கருவிக்கும் இதே கதி. ஒருவர் மற்றொருவரின் வாளை எடுத்து மூன்றாமவரைக் கொன்றால், வாளுக்கு உடையவர் ஒன்றும் அறியாதவராயினும் வாள் போயிற்று. அதனால்தான் பழைய கொலைக் குற்றப்பத்திரிகைகளில் கத்தி இத்தனை பென்ஸ் பெறும், தடி இத்தனை பென்ஸ் பெறும் என்று மறக்காமல் எழுதினார்கள். பழைய வழக்குகளைப் படிக்கும் மாணவருக்கு அந்த விலைக்குறிப்பு தேவையற்ற விவரமாகத் தோன்றும். அரசருக்கு வரவேண்டிய தொகை அது.

சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டோன் 1765-இல் வெளியிட்ட இங்கிலாந்துச் சட்ட விளக்கவுரையின் முதல் தொகுதியில் டியோடண்டை வைத்த இடம் கவனிக்கத் தக்கது. குற்றவியலுக்குத் தனித் தொகுதி இருக்க, இதை அரசரின் வருவாயைப் பேசும் அதிகாரத்தில் வைத்தார். தோற்றத்துக்கு அவர் கூறிய விளக்கம் சமயம் சார்ந்தது. பாவமன்னிப்புப் பெற நேரமின்றித் திடீரென இறந்தவரின் ஆன்மாவுக்காக வழிபாடு நடத்த அந்தப் பணம் பயன்பட்டது என்றார். அசையாத பொருளிலிருந்து சிறு குழந்தை விழுந்து இறந்தால் டியோடண்ட் இல்லை என்று ஒரு விதி இருந்தது. குழந்தை பாவம் செய்ய இயலாதது, ஆகவே அதற்குப் பரிகார வழிபாடு தேவையில்லை என்று அதற்கும் காரணம் காட்டினார். அழகாகப் பொருந்தும் விளக்கம்தான், ஆனால் குழந்தையைக் குதிரை உதைத்துக் கொன்றால் மட்டும் டியோடண்ட் ஏன் உண்டு என்பதற்கு அது விடை சொல்லவில்லை. ஆல்ஃபிரட்டின் மரம் உறவினருக்குப் போனதையும் விளக்கவில்லை. அமெரிக்கச் சட்ட அறிஞர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1881-இல் வெளியிட்ட பொதுச்சட்டம் பற்றிய நூலின் முதல் சொற்பொழிவிலேயே இதை எடுத்துக்கொண்டு, பழிவாங்கும் உணர்ச்சியே மூலம் என்று வாதிட்டார். வழக்கம் முதலில் பிறக்கிறது, அதன் காரணம் மறைகிறது, பிறகு வருவோர் புதுக் காரணம் கற்பித்து விதியை நிலைநிறுத்துகிறார்கள் என்பது அவர் கருத்து. டியோடண்டைப் பொறுத்தவரை ஹோம்ஸின் வழியே சான்றுகளோடு ஒத்துப்போகிறது.

18-ஆம் நூற்றாண்டில் சொல் மங்கத் தொடங்கியது. உடையவர் மீது பிழையில்லாதபோது அவருடைய குதிரையையும் வண்டியையும் பறிப்பது ஜூரிகளின் மனத்துக்கு ஒவ்வவில்லை. அண்டை வீட்டாரின் பிழைப்புப் பறிபோவதை அவர்கள் கண்ணால் பார்ப்பவர்கள். ஆகவே வண்டி கொல்லவில்லை, ஒரு சக்கரம்தான் கொன்றது, அதன் மதிப்பு சில பென்ஸ் என்று எழுதினார்கள். உரிமை பெற்ற நிலப்பிரபு நீதிமன்றம் போனால், இந்த உரிமையே வெறுக்கத் தக்கது என்று நீதிபதிகள் உதவ மறுத்தார்கள். பிளாக்ஸ்டோனே இதைப் பதிவு செய்திருக்கிறார். சட்டத்தை மாற்றாமலே சாதாரண மக்கள் அதைத் தளர்த்திவிட்டார்கள்.

அதே மக்கள்தான் சில பத்தாண்டுகள் கழித்து அதைத் தூக்கி நிறுத்தினார்கள். நீராவிக் கொதிகலன்கள் வெடித்தன, ரயில்கள் மோதின, இறந்தவர்கள் எண்ணிக்கை ஏறியது. அண்டை வீட்டுக் குதிரைக்காரர் இருந்த இடத்தில் இப்போது தூரத்து நகரத்துப் பங்குதாரர்களின் கம்பெனி. சாவுக்காகக் கம்பெனியைத் தண்டிக்கச் சட்டத்தில் வேறு வழியே இருக்கவில்லை. 1808-இல் பேக்கர் எதிர் போல்ட்டன் வழக்கில் எல்லன்பரோ பிரபு, ஒரு மனிதரின் சாவை உரிமையியல் நீதிமன்றத்தில் தீங்கு என்று முறையிட முடியாது என்று தீர்ப்பளித்திருந்தார். தபால் வண்டி போலப் பயணிகளை ஏற்றிச் சென்ற குதிரை வண்டி கவிழ்ந்து, மதுக்கடை நடத்திய ஒருவர் காயப்பட்டார், அவர் மனைவி ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து மருத்துவமனையில் இறந்தார். தம் காயத்துக்கும், மனைவி உயிரோடிருந்த அந்த ஒரு மாதத்தில் அவருடைய துணையை இழந்ததற்கும் கணவர் இழப்பீடு பெறலாம். மனைவி இறந்த நாளோடு கணக்கு முடிந்தது. அதாவது, கையை ஒடித்தால் பணம் கட்ட வேண்டும், உயிரைப் போக்கினால் கட்ட வேண்டியதில்லை. இந்தக் கொடுமையான இடைவெளியில் ஜூரிகளின் கையில் மிஞ்சிய ஒரே கருவி டியோடண்ட்.

1841 டிசம்பர் 24 அதிகாலையில், லண்டனிலிருந்து மேற்கே சென்ற கிரேட் வெஸ்டர்ன் ரயில், ரெடிங் நகருக்கு அருகே சானிங் என்ற இடத்தில் நிலத்தை ஆழமாக வெட்டி அமைத்த பாதையில் மண்சரிவின் மீது மோதியது. மூன்றாம் வகுப்புப் பயணிகள் கூரையில்லாத, தாழ்ந்த பக்கச் சுவர்களே உள்ள வண்டிகளில் இருந்தார்கள். அந்த வண்டிகள் இயந்திரத்துக்கும் பாரமேற்றிய சரக்கு வண்டிகளுக்கும் நடுவே இணைக்கப்பட்டிருந்தன. இயந்திரம் நின்றதும் பின்னால் வந்த சரக்கு வண்டிகளின் எடை அவர்களை நசுக்கியது. 8 பேர் அங்கேயே இறந்தார்கள், ஒருவர் பிறகு இறந்தார். அவர்களில் பெரும்பாலோர் லண்டனில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் வேலை பார்த்துவிட்டுக் கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பிய கல் வேலைக்காரர்கள். விசாரணை ஜூரிகள் இயந்திரத்தின் மீதும் வண்டிகளின் மீதும் 1000 பவுண்டு டியோடண்ட் விதித்தார்கள். அந்தக் காலக் கூலிக்கு அது மலைக்கவைக்கும் தொகை. இந்த விபத்தின் பின்விளைவாகவும் வந்த 1844-ஆம் ஆண்டு ரயில்வே ஒழுங்குமுறைச் சட்டம், மூன்றாம் வகுப்புப் பயணிகளுக்கு மழை வெயில் படாத வண்டிகளைக் கட்டாயமாக்கியது.

டியோடண்டை மூடநம்பிக்கையின் எச்சம் என்று ஒரே வரியில் முடிக்கும் நூல்கள் இந்தக் கட்டத்தைத் தவறவிடுகின்றன. 1840-களின் ஜூரிகள் இயந்திரத்துக்கு உயிர் இருப்பதாக நம்பவில்லை. இயந்திரத்தின் பெயரால் கம்பெனியின் பொறுப்பின்மையை அளந்தார்கள். பொருளின் உண்மை விலையைப் பாராமல், கம்பெனியின் தவறு பெரிதா சிறிதா என்று பார்த்துத் தொகையைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். அறிவியல் நூற்றாண்டில் ஒரு பழஞ்சொல் புதிய நியாயத்தின் வாயாக மாறியது. ஆனால் அந்த நியாயத்திலும் ஓட்டை இருந்தது. மேல் நீதிமன்றங்கள் பெரிய டியோடண்டுகளைச் சிறு சொற்பிழைகள் காட்டித் தள்ளுபடி செய்தன. நிலைத்த தொகையும் முடிக்கோ உரிமை பெற்ற பிரபுவுக்கோ போயிற்று. நசுங்கி இறந்த கல் வேலைக்காரரின் விதவைக்குச் சட்டப்படி ஒரு பென்னி கூடக் கிடையாது.

1846 ஆகஸ்டில் ஜான் கேம்ப்பெல் பிரபுவின் முயற்சியால் இரண்டு சட்டங்கள் சில நாள் இடைவெளியில் நிறைவேறின. ஒன்று டியோடண்டுகளை ஒழித்தது. சாவுக்குக் காரணமான பொருளைப் பறிமுதல் செய்யும் விதி நியாயமற்றது, வசதிக் குறைவானது என்று அதன் முகப்புரை கூறியது. மற்றொன்று உயிரிழப்பு விபத்துச் சட்டம். பிறரின் தவறாலோ கவனக்குறைவாலோ ஒருவர் இறந்தால், அவருடைய மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்காக 12 மாதங்களுக்குள் வழக்குத் தொடுக்கலாம் என்றாயிற்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆல்ஃபிரட்டின் சட்டத்தில் உறவினருக்கு இருந்த உரிமை, வேறு வடிவில் அவர்களிடமே திரும்பி வந்தது. முழுதாகத் திரும்பவில்லை. 1852-இல் பிளேக் எதிர் மிட்லண்ட் ரயில்வே வழக்கில், குடும்பம் இழந்த வருமானத்துக்குத்தான் இழப்பீடு, துயரத்துக்கு இல்லை என்று நீதிமன்றம் வரையறுத்தது. சம்பாதிக்காத குழந்தையின் சாவு அந்தக் கணக்கில் மிக மலிவானது. டியோடண்டில் ஜூரிகள் எழுதிய தொகை, இறந்தவரின் கூலியைப் பார்த்ததில்லை. நாடாளுமன்றம் செய்த மாற்றம் தேவையானது, நல்லது. ஆனாலும் ஜூரிகளின் சினத்துக்கு இருந்த இடத்தை அது மூடிவிட்டது என்பதும் உண்மை.

இந்தியாவுக்கு இந்தக் கதை இரண்டாவது சட்டத்தின் வழியாக வருகிறது. 1855-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டமான இந்திய உயிரிழப்பு விபத்துச் சட்டம், கேம்ப்பெல் பிரபுவின் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. பம்பாயில் முதல் பயணிகள் ரயில் 1853-இல் ஓடியது, சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையிலான பாதை 1856-இல் திறக்கப்பட்டது. ரயில் பரவத் தொடங்கிய அதே ஆண்டுகளில் சட்டமும் வந்தது. மோட்டார் விபத்துகளுக்கென்று தனித் தீர்ப்பாயங்கள் ஏற்படும் முன், விபத்தில் ஆளைப் பறிகொடுத்த இந்தியக் குடும்பங்களுக்கு இந்தச் சட்டமே வழி. விபத்து இழப்பீட்டு வழக்குகளில் இறந்தவரின் வருமானத்தைப் பெருக்கிக் கணக்கிடும் முறையைப் படிக்கும் மாணவர்கள், அதற்கு முந்தைய நிலையில் டியோடண்ட் என்ற சொல் இருந்ததை அறிந்துகொள்வது, வருமானம் ஏன் அளவுகோல் ஆயிற்று என்ற கேள்வியைக் கேட்கத் தூண்டும்.

ஒழிக்கப்பட்ட பிறகும் சொல் முழுதாக மறையவில்லை. அமெரிக்காவில் டியோடண்ட் பொதுச்சட்டத்தில் வேர்விடவில்லை என்றாலும், குற்றத்தில் பயன்பட்ட பொருளின் மீதே வழக்குத் தொடுத்துப் பறிமுதல் செய்யும் முறை வளர்ந்தது. 1974-இல் காலேரோ டோலேடோ எதிர் பியர்சன் யாட் லீசிங் கம்பெனி வழக்கில், வாடகைக்கு விடப்பட்ட உல்லாசப் படகில் கஞ்சா இருந்ததற்காகப் படகு பறிமுதல் செய்யப்பட்டது. வாடகைக்கு விட்ட கம்பெனிக்கு ஒன்றும் தெரியாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் பறிமுதலை ஏற்றது, அந்தத் தீர்ப்பில் டியோடண்டின் வரலாற்றையும் நினைவுகூர்ந்தது. உடையவர் குற்றமற்றவர் என்பது விடையாகாது என்ற பழைய வாதம் அங்கே அப்படியே ஒலித்தது. தானே ஓடும் வாகனங்களும் தானே முடிவெடுக்கும் கருவிகளும் ஆளைக் கொன்றால் யார் பொறுப்பு என்று எழுதும் சட்டவியலாளர்களும் இந்தச் சொல்லை மீண்டும் எடுக்கிறார்கள். இலக்கியத்தில் வேறொரு பயணம். ஜாக் வான்ஸ் 1950-இல் வெளியிட்ட மிகைபுனைவுக் கதைத் தொகுதியில் டியோடண்ட் என்பது மனித உருக்கொண்டு மனிதரைத் தின்னும் உயிர். அத்தகைய கதையை மொழிபெயர்ப்பவர் சட்டப் பொருளைத் தேடி அலைய வேண்டாம். அங்கே அது வெறும் பெயர்.

தமிழில் இதை எப்படிச் சொல்வது என்பது இடத்தைப் பொறுத்தது. கடவுள் காணிக்கை என்றால் விருப்பக் கொடை ஆகிவிடும். தேவதானம் கூடாது என்பதற்குக் காரணம் மேலே உள்ளது. பலிப்பொருள் என்றால் பொருளைக் கடவுளுக்குக் கொன்று படைத்ததாகத் தோன்றும். கொலைக்கருவி என்பது கொலையாளி ஒருவர் உண்டு என்று சொல்லாமல் சொல்லிவிடும், ஆனால் பெரும்பாலான டியோடண்டுகள் விபத்தில் வந்தவை. 13-ஆம் நூற்றாண்டு முதல் 18-ஆம் நூற்றாண்டு வரையிலான ஆவணங்களில், சாவுக்குக் காரணமாகி முடிக்குச் சேர்ந்த பொருள் என்று விரித்து எழுதி, டியோடண்ட் என்ற சொல்லை ஒலிபெயர்த்து வைப்பது பாதுகாப்பானது. கொரோனர் விசாரணையில் மதிப்பு மட்டும் பேசப்படும் இடத்தில் சாவுப்பொருள் மதிப்பு என்று எழுதலாம். ரயில் காலச் செய்திகளில் சாவுப்பொருள் தண்டத்தொகை என்பது நடந்ததற்கு மிக அருகில் வரும். 1846-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரை டியோடண்டுகள் ஒழிப்புச் சட்டம் என்றே விடுவது நல்லது. அந்தச் சட்டம் ஒழித்தது பொருளையா, பணத்தையா, அதை வசூலிக்கும் உரிமையையா என்றால் மூன்றையும்தான், அந்த மூன்றையும் ஒருசேரத் தாங்கும் தமிழ்ச் சொல் இப்போதைக்கு இல்லை.